வேண்டிய நீரும் வேண்டாத நீரும்

(உரைநடைப் பாடம் – அறிவியல் கட்டுரை)

நுழையும்முன்

நீங்கள் வாழும் நகரில் ஏதேனும் ஒரு பண்டகசாலைக்கோ பணிமனைக்கோ செல்லும் வாய்ப்புக் கிட்டினால், அதன் தரையைச் சற்றே உற்று நோக்குங்கள். சுமையேற்றிய வண்டிகள் நாள்முழுதும் ஓடியும் சில தரைகள் தேயாமல் வழவழப்பாக இருக்கும். வேறு சில தரைகளிலோ, பெருக்கப் பெருக்கச் சாம்பல்நிறத் தூள் வந்துகொண்டே இருக்கும். இருவகைத் தரைக்கும் ஒரே சிமெண்ட், ஒரே மணல் பயன்பட்டிருக்கலாம். கலந்த தண்ணீரின் அளவே அவற்றை வேறுபடுத்தியிருக்கலாம். அத்தண்ணீரைப் பற்றியதே இப்பாடம்.

பாடம்

கான்கிரீட்டுக்குத் தமிழ் நூல்கள் வழங்கும் பெயர் கற்காரை. கல்லும் காரையும் சேர்ந்தது கற்காரை. காரை என்பது சுண்ணாம்புச் சாந்து. விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது, பழைய சுவரைக் காட்டிக் "காரை பெயர்ந்துவிட்டது" என்று உங்கள் பாட்டி கூறக் கேட்டிருப்பீர்கள், அதே சொல்தான். ஆயினும் கட்டட வேலை நடக்கும் இடத்தில் எவரும் கற்காரை என்று சொல்வதில்லை. கான்கிரீட் என்றே வழங்குகின்றனர். இப்பாடத்திலும் அச்சொல்லையே ஆள்வோம். சிமெண்ட், மணல், சல்லி, தண்ணீர் ஆகிய நான்கும் சேர்ந்த கலவை அது. நீங்கள் இந்தி பேசும் ஊரில் இருந்தால், வேலையாட்கள் 'கிட்டி' என்பது நம் சல்லியையே; 'ரேத்' என்பது மணலையே. சிமெண்ட் மட்டும் எங்குச் சென்றாலும் சிமெண்ட்தான்.

கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். களிமண் அவ்வாறு காய்ந்து இறுகும். கான்கிரீட் இறுகுவதோ வேறு வகை. தண்ணீர் சிமெண்டோடு வேதிவினை புரிந்து புதியதொரு பொருளாக மாறுகிறது. அப்பொருளே மணலையும் சல்லியையும் பற்றிப் பிணைத்துக் கல்லாக்குகிறது. ஆதலால்தான் ஆற்று நீருக்குள் மூழ்கியிருக்கும் பாலத்தின் அடித்தளக் கான்கிரீட்டும் இறுகிவிடுகிறது. தண்ணீர் இல்லையேல் சிமெண்ட் வெறும் தூள்.

அவ்வாறாயின், எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஐம்பது கிலோ எடையுள்ள சிமெண்ட் மூட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேதிவினைக்கு மட்டும் வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 12 லிட்டர். வினையால் உண்டாகும் பொருளின் நுண்ணிய துளைகளில் தங்கும் தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 20 லிட்டர். அதற்குமேல் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் சிமெண்டுக்கு வேண்டாத தண்ணீர். ஆனால் வேலை நடக்கும் இடங்களில் மூட்டைக்கு 30 லிட்டர் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் ஊற்றுவதைக் காணலாம். எஞ்சிய அந்தப் பத்து லிட்டர் யாருக்காக?

அது வேலை செய்பவரின் கைகளுக்காக ஊற்றப்படுகிறது. தண்ணீர் குறைந்த கலவை விறைப்பாக இருக்கும். மண்வெட்டிக்கு அசையாது, பலகைக்கு இழுபடாது, கம்பிகளுக்கு இடையே இறங்காது. பாண்டு பாண்டாகச் சுமந்து கொட்டும் சித்தாளும், குனிந்தபடியே அதைப் பரப்பி மட்டப்படுத்தும் கொத்தனாரும் வெயிலில் நின்று அந்த விறைப்போடு மல்லுக்கட்ட வேண்டும். ஒரு குடம் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால் கலவை கூழாக இளகிவிடும். வேலை பாதியாகக் குறையும். "தண்ணீரைக் கண்டபடி ஊற்றுகிறார்களே" என்று நிழலில் நின்று குறைகூறுவது எளிது. ஊற்றுபவரின் இடுப்பு வலி அப்படிக் கூறுபவருக்குத் தெரியாது.

ஆயினும் அந்தக் குடம் தண்ணீருக்கு விலை உண்டு. 1918-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சிகாகோ நகரில் டஃப் ஏப்ரம்ஸ் என்னும் ஆய்வாளர் எண்ணற்ற சோதனைகளைச் செய்து ஓர் உண்மையை நிலைநாட்டினார். முழுமையாக இறுக்கிய கான்கிரீட்டின் வலிமையைப் பெரிதும் தீர்மானிப்பது சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் இடையேயுள்ள விகிதமே என்பது அவ்வுண்மை. தண்ணீர் கூடக் கூட வலிமை குறையும். வினைபுரியாமல் எஞ்சிய தண்ணீர் நாளடைவில் ஆவியாகிவிடும். அது இருந்த இடமெல்லாம் வெற்றுத் துளைகளாக நிற்கும். துளை மிகுந்த கான்கிரீட் வலுவிழக்கும், சுருங்கும், சுருங்குகையில் வெடிக்கும்.

தரைக்கு இன்னொரு கேடும் உண்டு. கலவையில் உள்ள பொருள்களுள் தண்ணீரே எடை குறைந்தது. ஆகவே சல்லி கீழே படிய, தண்ணீர் மெல்ல மேலே கசிந்து வரும். வரும்போது நுண்ணிய தூளையும் தன்னோடு கொண்டுவந்து மேற்பரப்பில் ஆடைபோலப் படியவிடும். பாலின்மேல் படியும் ஆடையை நினைத்துக்கொள்ளுங்கள். இதன் விளைவு விந்தையானது. தரையில் நாம் நடப்பதும் வண்டி ஓடுவதும் மேற்பரப்பில். ஆனால் முழுத் தளத்திலும் வலுக்குறைந்த பகுதி அந்த மேற்பரப்பே! பெருக்கப் பெருக்க வரும் சாம்பல்நிறத் தூள் அந்த ஆடை தேய்ந்து வருவதுதான். அங்கே நாள்முழுதும் வேலை செய்வோரின் மூச்சிலும் அது கலக்கிறது.

வேலைக்குத் தண்ணீர் மிகுதியாக வேண்டும். வலிமைக்குத் தண்ணீர் குறைவாக வேண்டும். ஒன்றுக்கொன்று பகையான இவ்விரு தேவைகளையும் எவ்வாறு இணக்குவது? சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கார்ல் பில்னர் என்னும் பொறியாளர் 1930-களில் இதற்கு ஒரு வழி கண்டார். இவர் பாலங்களை வடிவமைத்தவர். 1914-இல் ஆரிகன் மாநிலத்தில் எழுந்த லடூரல் ஓடைப் பாலம் இவர் வடிவமைத்ததே. இவர் கண்ட வழி மிக எளியது. வேலை நடக்கும்வரை தண்ணீர் இருக்கட்டும். பரப்பி மட்டப்படுத்தி முடித்தபின், இறுகத் தொடங்கும் முன், வேண்டாத தண்ணீரை வெளியே எடுத்துவிடலாம். வெற்றிடத்தின் துணைகொண்டு நீர் நீக்கப்படுவதால் இவ்வகைக் கான்கிரீட்டை வெற்றிடக் கான்கிரீட் என்பர்.

இங்கே 'வெற்றிடம்' என்னும் சொல்லில் சற்றே நிற்போம். வெறுமை + இடம் = வெற்றிடம். வெறுமை என்னும் சொல்லின் ஈற்றிலுள்ள 'மை' கெட்டு 'வெறு' என நின்றது. பின்னர் றகர ஒற்று இரட்டித்து 'வெற்று' ஆயிற்று. வருமொழி உயிரெழுத்தில் தொடங்குவதால் ஈற்று உகரம் நீங்கி, எஞ்சிய மெய்யோடு இகரம் சேர்ந்து 'வெற்றிடம்' என்றானது. இதே வழியில் பிறந்த இன்னொரு சொல்லை நீங்கள் நன்கு அறிவீர்கள். வெறுமை + இலை = வெற்றிலை. தாம்பூலத் தட்டில் இருப்பதற்கும் பம்பு இயந்திரத்தினுள் இருப்பதற்கும் இலக்கணத்தில் ஒரே தாய்!

வெற்றிடம் தண்ணீரை இழுக்கிறது என்று நாம் பேச்சுவழக்கில் கூறுகிறோம். உண்மையில் வெற்றிடத்திற்கு இழுக்கும் ஆற்றல் இல்லை. தள்ளுவது வெளியே இருக்கும் காற்று. இளநீரைக் குழல்கொண்டு உறிஞ்சும்போது, நாம் செய்வது குழலுக்குள் இருக்கும் காற்றைக் குறைப்பது மட்டுமே. இளநீரை மேலேற்றுவது தேங்காயினுள் நீர்ப்பரப்பை அழுத்தும் காற்று. நம்மைச் சூழ்ந்துள்ள காற்று ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ 10 டன் எடையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. உள்ளும் புறமும் அவ்வழுத்தம் சமமாக இருப்பதால் நாம் அதை உணர்வதில்லை. ஒரு புறத்தில் காற்றை நீக்கினால் மறுபுறத்தின் அழுத்தம் வெளிப்படும். காற்று நீக்கி அடைத்த காப்பித்தூள் பொட்டலம் செங்கல்போல் விறைத்திருப்பதும் இதனால்தான். கத்தரிக்கோலால் ஒரு மூலையை வெட்டியவுடன் காற்று உட்புகுந்து தூள் நெகிழ்ந்துவிடும்.

இனி, வேலை நடக்கும் முறையைக் காண்போம். இந்தியாவில் தொழிற்கூடத் தரைகளுக்கே இம்முறை பெரிதும் பயன்படுகிறது. கட்டடத் தொழிலாளர் இதை 'ட்ரிமிக்ஸ்' என்று அழைக்கின்றனர். அது சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். வழக்கத்தில் முறைக்கே பெயராகிவிட்டது.

தரையை நீண்ட பட்டைகளாகப் பிரித்து, இருபுறமும் சேனல் எனப்படும் இரும்புச் சட்டங்களை மட்டம் பார்த்து நிறுத்துவர். இடையே கலவையைக் கொட்டிப் பரப்பி, ஊசிபோன்ற வைப்ரேட்டரை உள்ளே செலுத்தி அதிரச் செய்வர். காற்றுக் குமிழிகள் வெளியேறும். பிறகு, இரு சட்டங்களின்மேலும் படிந்து நகரும் அதிர்வுக் கட்டையை இழுத்து மேற்பரப்பை மட்டப்படுத்துவர். இதுவரை நடப்பது எந்தத் தளத்திலும் நடப்பதே. கலவை இளகலாக இருப்பதால் இவ்வேலைகள் விரைவாக முடிந்துவிடும்.

அடுத்து வருவதே இம்முறையின் சிறப்பு. ஈரத் தளத்தின்மேல் வடிதுணி பொருத்திய விரிப்புகளை வரிசையாக விரிப்பர். தண்ணீர் அவ்வழியே வரும், சிமெண்ட் வராது. அவற்றின்மேல் காற்றுப் புகாத பெரிய பாயை உருட்டி விரித்து, அதன் ஓரங்கள் ஈரக் கான்கிரீட்டோடு நன்கு ஒட்டும்படி கையால் நீவிவிடுவர். பாயிலிருந்து ஒரு தடித்த குழாய் பம்புக்குச் செல்லும். பம்பு ஓடத் தொடங்கியதும் பாய் 'சப்'பென்று தளத்தோடு ஒட்டிக்கொள்ளும். குழாயின் வழியே கலங்கிய நீர் தொட்டியில் வந்து விழும். எங்கேனும் ஓரம் ஒட்டாமல் இருந்தால் சீறும் ஒலி கேட்கும்; அளவுமானியின் முள் ஏறாது. பழகிய தொழிலாளர் முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே ஒலியைக் கேட்டு அந்த இடத்திற்குச் சென்று அழுத்திவிடுவார்.

பம்பு முழு வெற்றிடத்தை உண்டாக்குவதில்லை. காற்றழுத்தத்தின் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் நீக்குகிறது. அதாவது, பாயின் ஒவ்வொரு சதுர மீட்டர்மீதும் 8 டன் அழுத்தம், ஏறத்தாழ இரண்டு யானைகளின் எடை, வெளிக்காற்றிலிருந்து வந்து இறங்குகிறது. அவ்வழுத்தத்தில் சல்லியும் மணலும் சிமெண்டும் நெருங்க, இடையில் இருந்த நீர் மேலேறிவிடுகிறது. தண்ணீரை நீக்குவதும் கலவையை அழுத்தி நெருக்குவதும் ஒரே வேளையில் நடைபெறுகின்றன. காப்பித்தூளைப்போல் இது மீண்டும் நெகிழ்வதில்லை. நீர் நீங்கிய இடத்தைத் துகள்கள் நெருங்கி நிரப்பிவிட்டன அல்லவா?

கணக்கில் பார்ப்போம். 150 மில்லிமீட்டர் தடிமனுள்ள தளத்தில், சதுர மீட்டர் ஒன்றுக்குச் சற்றேறக்குறைய ஒரு மூட்டை சிமெண்ட் செல்லும். அதில் 30 லிட்டர் தண்ணீர் ஊற்றப்பட்டது எனக் கொள்வோம். இம்முறையால் ஐந்தில் ஒரு பங்கு வரை, அதாவது 6 லிட்டர் வரை, வெளியேறக்கூடும். எஞ்சுவது 24 லிட்டர். ஆறு லிட்டர் பெரிதா என்று கேட்கத் தோன்றலாம். ஏப்ரம்ஸ் கண்ட உண்மையை நினைவுகூர்ந்தால் அது எவ்வளவு பெரிது என்பது விளங்கும். தளமும் தன் தடிமனில் நூற்றில் மூன்று பங்கு அளவு தாழும். இந்தத் தளத்தில் அது நாலரை மில்லிமீட்டர். தேர்ந்த மேஸ்திரி இதை முன்னரே அறிந்து மட்டத்தைச் சற்று உயர்த்தியே வைப்பார்.

பம்பை எவ்வளவு நேரம் ஓட்டுவது? பெரும்பாலும் 15 முதல் 25 நிமிடம். நேரம் செல்லச் செல்ல வெளிவரும் நீர் குறைந்துகொண்டே போகும். அரைமணி நேரத்திற்குமேல் ஓட்டினால் பம்புக்குத்தான் தேய்மானம். அதுபோலவே ஆழத்திற்கும் எல்லை உண்டு. மேலிருந்து 100 முதல் 150 மில்லிமீட்டர் வரையிலேயே இதன் ஆற்றல் நன்கு செல்லும். பாயைக் கழற்றியபின் தளத்தில் ஏறி நின்றால் காலடித் தடம் மெலிதாக மட்டும் பதியும். அரைமணிக்கு முன்பு அதே இடத்தில் கணுக்கால்வரை புதைந்திருக்கும்! தூண்களுக்கும் சுவர்களுக்கும் அச்சுப்பலகையிலேயே வடிதுணியைப் பொருத்தி இம்முறையைக் கையாண்டுள்ளனர். நாலரை மீட்டர் உயரமுள்ள தூண்களுக்குக்கூட, கலவை வார்த்த அரைமணி நேரத்திற்குள் அச்சுப்பலகையைக் கழற்ற முடிந்திருக்கிறது.

தண்ணீர் மிகுதியாக நீங்குவது பாய்க்கு அருகில், அதாவது மேற்பரப்பில். ஆகவே, சாதாரணத் தளத்தில் எந்த மேற்பரப்பு வலுக்குறைந்து கிடந்ததோ, அதே மேற்பரப்பு இங்கே மிகுந்த வலிமை பெறுகிறது. பிறகு தட்டுச் சுழலும் இயந்திரத்தாலும், அதன்பின் அலகுகள் சுழலும் இயந்திரத்தாலும் தேய்த்து வழவழப்பாக்குவர். தொழிற்கூடம், பண்டகசாலை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கு இத்தரை மிகவும் ஏற்றது. சாலைகளுக்கும், அணைகளில் நீர் விரைந்து பாய்ந்து அரிக்கும் பரப்புகளுக்கும் இம்முறை ஏற்றதே. பழைய கான்கிரீட்டின்மேல் புதிய அடுக்கை இட்டுப் பழுதுபார்க்கவும் உதவும். புதியது பழையதை நன்கு பற்றிக்கொள்ளும்.

எல்லாக் கலவைக்கும் இது பொருந்திவிடும் என்று கருதவேண்டா. மிக நுண்ணிய மணலும் தூளும் மிகுந்த கலவையில் தண்ணீர் வெளிவரும் நுண்வழிகள் விரைவில் அடைபட்டுவிடும். மேலே ஓர் அடுக்கு மட்டும் விறைத்து, கீழே கூழாகவே நிற்கும். வடிதுணியை அன்றன்று கழுவாமல் விட்டாலும் பயனில்லை. "அதுதான் தண்ணீரை எடுத்துவிடுமே" என்று எண்ணி வரம்பின்றித் தண்ணீர் ஊற்றுவது எல்லாவற்றினும் கேடு. பம்பு எடுப்பது ஐந்தில் ஒரு பங்கு வரைதான்.

மாணவர் பலரைத் திகைக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. இவ்வளவு பாடுபட்டுத் தண்ணீரை நீக்கிய அதே தளத்தின்மேல், இறுகியபின் தண்ணீர் தேக்குவர். அல்லது ஈரச் சாக்கை விரித்து நனைத்துக்கொண்டே இருப்பர். இதற்கு நீராற்றுதல் என்று பெயர். பேச்சு வழக்கில் கியூரிங். இந்தியத் தர நிறுவனத்தின் விதிப்படி, சாதாரண சிமெண்ட் கொண்ட கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடங்களில் 10 நாள். முதலில் நீக்கியது, துகள்களுக்கு இடையே நின்று அவற்றை விலக்கி வைத்த நீர். பின்னர் ஊற்றுவது, உள்ளே வினைபுரிந்துகொண்டிருக்கும் நீர் ஆவியாகிப் போகாமல் மேலிருந்து காக்கும் நீர். நெற்பயிருக்கு நீர் பாய்ச்சுவதும் வடிப்பதும் ஒரே உழவர்தாம். காலம் அறிந்து செய்கிறார்.

இக்காலத்தில் வேறொரு வழியும் பெருகியுள்ளது. தண்ணீரைக் கூட்டாமலேயே கலவையை இளகச் செய்யும் வேதிப்பொருள்களைச் சிறிதளவு சேர்க்கின்றனர். அதனால் வெற்றிட முறை தேவையில்லை என்று கூறுவோரும் உளர். பெரிய நிறுவனங்களின் வேலைகளுக்கு அது பொருந்தும். ஆனால் அவ்வேதிப்பொருளின் அளவு சிறிது பிசகினாலும் கலவை பிரிந்துவிடும். கண்ணால் பார்த்து அறிவதும் அரிது. பாயும் பம்பும் அவ்வாறல்ல. வெளிவந்த நீர் தொட்டியில் கண்முன்னே நிற்கிறது. எத்தனை லிட்டர் என்று அளந்தும் பார்க்கலாம். வேலை செய்பவரே தம் வேலையைச் சரிபார்த்துக்கொள்ள இடந்தரும் முறை என்பதால், எனக்கு இதில் ஒரு தனி மதிப்பு உண்டு.

சொற்பொருள்

பண்டகசாலை – பொருள்களைச் சேமித்து வைக்கும் இடம், கிடங்கு. சித்தாள் – கொத்தனாருக்கு உதவியாகக் கலவை, செங்கல் முதலியவற்றை எடுத்துத் தரும் வேலையாள். பாண்டு – கலவை சுமக்கும் இரும்புச் சட்டி. நீவுதல் – கையால் மெல்லத் தடவி அழுத்துதல். விறைப்பு – இளகாத தன்மை. பிசகுதல் – தவறுதல்.

பயிற்சி

1. கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்னும் கருத்து ஏன் பொருந்தாது? பாடத்திலுள்ள ஒரு சான்றுடன் எழுதுக.

2. வேலையாட்கள் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதற்குரிய காரணத்தையும், அதனால் தளத்திற்கு நேரும் கேட்டையும் ஒரே பத்தியில் எழுதுக. இருபுறமும் நடுநிலையாக எழுதுதல் வேண்டும்.

3. பிரித்து எழுதுக: வெற்றிடம், வெற்றிலை, கற்காரை, நீராற்றுதல்.

4. 'இரண்டும் ஒரே வேளையில் நடைபெறுகின்றன' – இத்தொடரில் பன்மை வினைமுற்று வந்துள்ள காரணத்தைக் கூறுக. இவ்வாறு அமைந்த மேலும் இரு தொடர்களைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.

5. 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள தளம் ஒன்று, வெற்றிட முறையால் ஏறத்தாழ எத்தனை மில்லிமீட்டர் தாழும்? விடையைத் தமிழ்ச் சொற்களில் எழுதுக.

6. உங்கள் குடியிருப்பின் அருகில் கட்டட வேலை செய்வோர் ஒருவரிடம், பெரியோர் துணையுடன் சென்று, அவர் கையாளும் கருவிகள் ஐந்தின் பெயரை அவர் மொழியில் கேட்டு எழுதிக்கொள்க. அவற்றுக்குரிய தமிழ்ப் பெயர்களை வீட்டில் கேட்டு எதிரே எழுதுக. வீட்டில் எவருக்கும் தெரியாத பெயர் ஏதேனும் இருப்பின், ஊரிலுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ தொலைபேசியில் பேசிக் கேட்டு வருக.